மூட்டு டயர் அல்ல

அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மருத்துவர் சொன்னது மொத்தமே மூன்று வார்த்தை: "நல்லா தேஞ்சுபோச்சு, பாத்துக்கங்க." அந்த மூன்று வார்த்தையோடு வீட்டுக்கு வந்தவர், மறுநாளே நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். ஏம்மா என்று கேட்டால், "இருக்கிறதையாவது மிச்சம் பிடிக்கணும்ல" என்றார்.

அவர் கணக்கு சரிதான். செருப்பு தேய்கிறது, சோப்பு தேய்கிறது, டயர் தேய்கிறது. குறைவாகப் புழங்கினால் கூட நாள் வரும். ஆனால் ஓராண்டு உட்கார்ந்தே இருந்ததில் எடை ஏறியது, தொடை இளைத்தது, வலி மட்டும் குறையவில்லை. முன்பு கைப்பிடி தொடாமல் ஏறிய படியில், ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சுவிட வேண்டியதாயிற்று.

இதில் தப்பு அம்மாவுடையது அல்ல, 'தேய்மானம்' என்ற சொல்லுடையது. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்ற நோய்க்கு நாம் வைத்திருக்கும் பெயர் மூட்டுத் தேய்மானம். சிலர் எலும்புத் தேய்மானம் என்றும் சொல்வார்கள். அது குழப்பத்தை இரண்டு மடங்காக்கும். ஏனென்றால் எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் ஆஸ்டியோபோரோசிஸ் நோயையும் பலர் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். அது வேறு, இது வேறு. முழங்கால் வலிக்கிறது என்று கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் இந்தப் பெயர்க் குழப்பத்தில் சிக்கியவர்கள்தான். கால்சியம் எலும்புக்கு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் மூட்டு வலியை அது தீர்க்காது.

உள்ளே என்ன நடக்கிறது

இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில், அவற்றின் முனைகளைச் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வழுவழுப்பான பூச்சு மூடியிருக்கிறது. அதுதான் குருத்தெலும்பு. அதில் பெரும்பகுதி தண்ணீர். அதற்கு ரத்தக் குழாயே கிடையாது. அப்படியானால் அதற்குச் சாப்பாடு எப்படிப் போகும்? மூட்டைச் சுற்றியிருக்கும் பையில் ஊறும் வழுவழுப்பான திரவத்திலிருந்துதான். தண்ணீரில் கிடக்கும் ஸ்பாஞ்சை அமுக்கிவிட்டால் என்ன ஆகும்? உள்ளே இருந்த நீர் வெளியேறும், கையை எடுத்தால் புது நீரை உறிஞ்சிக்கொள்ளும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்குகிறது, தூக்கும்போது விரிகிறது. ஒவ்வொரு அடியும் அதற்கு ஒரு வாய்ச் சோறு. நடக்காத கால் என்பது ஓய்வெடுக்கும் கால் அல்ல, பட்டினி கிடக்கும் கால்.

டயருக்கும் மூட்டுக்கும் உள்ள முதல் வித்தியாசம் இது. இரண்டாவது இன்னும் முக்கியம். டயர் தன்னைத்தானே பழுதுபார்க்க முயலாது, மூட்டு முயலும். குருத்தெலும்பு பாதிக்கப்பட்டதும் அடியிலுள்ள எலும்பு கெட்டிப்படுகிறது, ஓரங்களில் புதிதாக எலும்பு முளை விடுகிறது, மூட்டுப் பையின் உட்சவ்வு லேசாக அழற்சி கொண்டு வீங்குகிறது, அக்கம்பக்கத் தசைகள் பலம் இழக்கின்றன. இந்தச் சரிக்கட்டும் வேலை ஒழுங்காக நடந்தால் மூட்டு பல வருடம் சத்தமில்லாமல் ஓடும். தடம்புரண்டால்தான் வலி. ஆகவே இது ஒரு பூச்சு உரிந்துபோன கதை மட்டும் இல்லை. மொத்த மூட்டின் நோய்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். குருத்தெலும்பில் வலி நரம்பும் கிடையாது. வலி வருவது அடியிலுள்ள எலும்பிலிருந்து, மூட்டுப் பையிலிருந்து, தசைநார்களிலிருந்து. அதனால்தான் எக்ஸ்ரேயும் வலியும் ஒத்துப்போவதில்லை. கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957-ல் வகுத்த அளவுகோலை வைத்து இன்றும் எக்ஸ்ரேக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மூன்று, நான்கு என்று வந்தும் தோட்டவேலை செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. ஒன்று என்று வந்தும் தூக்கம் இல்லாமல் தவிப்பவர்கள் உண்டு. எக்ஸ்ரே என்பது எலும்பின் போட்டோ. வலியின் போட்டோ அல்ல.

யாருக்கு வருகிறது

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுக்கச் சுமார் 52.8 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதில் 36.5 கோடிப் பேருக்கு முழங்காலில். பாதிக்கப்பட்டவர்களில் 60 சதவீதம் பெண்கள். வயது ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமே காரணமில்லை. இளவயதில் விளையாட்டிலோ விபத்திலோ முழங்கால் தசைநார் கிழிந்தவர்களுக்கு நாற்பதுகளிலேயே வரலாம். குடும்ப வாகு உண்டு. மண்டியிட்டும் குந்தியும் பாரம் தூக்கும் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து அதிகம்.

எடை? நிச்சயமாக. ஆனால் பாரம் அழுத்துவதால் மட்டும் இல்லை. பருமனாக இருப்பவர்களுக்கு விரல் மூட்டுகளிலும் இந்த நோய் கூடுதலாக வருகிறது; விரலால் யாரும் நடப்பதில்லையே. கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் பொதி அல்ல, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது.

அறிகுறிகள் பெரும்பாலும் சொல்லிவைத்தாற்போல் இருக்கும். புழங்கினால் வலி, உட்கார்ந்தால் குறைவு. காலையில் எழுந்ததும் மூட்டு பிடித்துக்கொள்ளும், ஆனால் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலு அடி விறைப்பாக இருக்கும். படி ஏறுவதைவிட இறங்குவது சிரமம் என்று பலர் சொல்வார்கள். மடக்கினால் 'மொறுமொறு' என்று சத்தம் வரலாம். வலி இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் என்றால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கைகளின் சின்னச் சின்ன மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கான சிகிச்சையே வேறு, தாமதித்தால் நஷ்டம். திடீரென்று ஒரு மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். முழங்கால் மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ, காரணமில்லாமல் உடல் இளைத்து இரவெல்லாம் வலித்தாலோ அதுவும் தள்ளிப்போடும் விஷயம் இல்லை.

மருந்துக்கு முன்னால் ஒரு நாற்காலி

உலகின் முக்கியமான மருத்துவ வழிகாட்டுதல்கள் எல்லாம் முதல் சிகிச்சையாகச் சொல்வது உடற்பயிற்சியை. "முதலில் மாத்திரை, சரியாகவில்லை என்றால் பயிற்சி" என்பதல்ல வரிசை. நேர்மாறு. ஏன் என்றால், முழங்காலுக்கு வரும் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியது தொடையின் முன்பக்கத் தசை. அது தளர்ந்துபோனால் அத்தனை அடியும் நேராக மூட்டுக்குப் போகிறது. வலிக்கிறது என்று நடக்காமல் இருந்தால் தசை இளைக்கிறது, இளைத்ததால் வலி கூடுகிறது, கூடியதால் இன்னும் நடப்பதில்லை. அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

மிகவும் வலிப்பவர்கள் படுக்கையிலேயே தொடங்கலாம். காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, அந்தத் துண்டைப் படுக்கையோடு நசுக்குவதுபோல் தொடையை இறுக்க வேண்டும். ஐந்து எண்ணும் வரை இறுக்கம், அப்புறம் தளர்வு. ஒரு காலுக்குப் பத்து முறை. கையைத் தொடைமேல் வைத்துப் பார்த்தால் தசை கல்போல் திரள்வது தெரியும். தெரியவில்லை என்றால் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். வெளிப்பார்வைக்கு இதில் ஒன்றுமே நடக்காது. ஏமாந்துவிடாதீர்கள், முறையாகச் செய்தால் பத்தாவது முறையில் தொடை நடுங்கும்.

அது பழகிய பிறகு நாற்காலி. கொஞ்சம் உயரமான, சக்கரம் இல்லாத, நகராத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு விரித்து, முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள். உடம்பை முன்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றி எழ வேண்டும். எழும்போது முழங்கால்கள் இரண்டும் உள்பக்கமாக முட்டிக்கொள்ளப் பார்க்கும். விடாமல் கால்விரலின் திசையிலேயே அவற்றை நிறுத்துங்கள். சூட்சுமம் உட்காருவதில்தான் இருக்கிறது. பொத்தென்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே மெல்ல இறங்குங்கள். படி இறங்கும்போது வேலை செய்வது இதே தசை இதே விதத்தில்தான். முதல் வாரம் கையை ஊன்றி ஐந்து முறை போதும். கை ஊன்றாமல் பத்து முறை வருகிறது என்றால் நாற்காலி அதன் வேலையைச் செய்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாழ்வான நாற்காலிக்குப் போகலாம்.

"வலிக்கும்போது செய்யலாமா?" எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வலியைப் பத்துக்கு மதிப்பிடுங்கள். இரண்டு வரை கவலையே இல்லை. ஐந்து வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குள் வலி பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. இறங்கவில்லை என்றால் அளவு அதிகம், அவ்வளவுதான். வலித்தது என்பதற்காக மூட்டு சேதமாகிவிட்டது என்று பொருளில்லை.

பலனுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். பலர் நழுவுவது இங்கேதான். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடுவார்கள். இன்னொரு வகை, வலி இல்லாத ஒருநாளில் சேர்த்துவைத்த வேலையெல்லாம் முடித்து, அடுத்த நான்கு நாள் படுத்துவிடுபவர்கள். நல்ல நாளிலும் அளவாக, கெட்ட நாளிலும் கொஞ்சமாக. இதைச் சொல்வது சுலபம், சுறுசுறுப்பானவர்களுக்குக் கடைப்பிடிப்பது மகா கஷ்டம்.

நடை, சைக்கிள், நீச்சல், தண்ணீருக்குள் நடப்பது, எது பிடிக்கிறதோ அது. எது சிறந்தது என்ற ஆராய்ச்சியைவிட எதை விடாமல் செய்வீர்கள் என்பது பெரிய கேள்வி.

கைத்தடி பற்றி ஒன்று. பெரும்பாலானவர்கள் வலிக்கும் கால் பக்கமே தடியைப் பிடிக்கிறார்கள். தப்பு. வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம்தான் தடியின் உயரம். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். தடி பிடிக்கக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களிடம் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் பிடித்துப் பாருங்கள், முழங்காலே பேசும்.

ஒரு கிலோ, நான்கு கிலோ

எடையைக் குறையுங்கள் என்று யாராவது சொன்னாலே எரிச்சல் வரும். நியாயமான எரிச்சல். "எவ்வளவு, எதற்காக" என்று யாரும் சொல்வதில்லை. கணக்கைப் பார்ப்போம். எடை கூடுதலாக இருந்த முழங்கால் நோயாளிகளிடம் அளந்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, உடம்பில் குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று காட்டியது. ஐந்து கிலோ இறங்கினால் ஓர் அடிக்கு இருபது கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி வைக்கிறீர்கள் என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

அதனால் 'சரியான எடை' என்ற தொலைதூர இலக்கை மறந்துவிடலாம். உடல் எடையில் 5 சதவீதம் இறங்கினாலே வித்தியாசம் தெரியத் தொடங்கும். 10 சதவீதம் என்றால் நன்றாகவே தெரியும். 80 கிலோ இருப்பவருக்கு அது 4 கிலோவும் 8 கிலோவும். சாப்பாட்டைக் குறைப்பது மட்டும் என்றால் கொழுப்போடு தசையும் கரையும். மூட்டைத் தாங்க வேண்டிய தசையை இழந்து இறக்கும் எடையால் பாதிப் பலன்தான். புரதமும் நாற்காலிப் பயிற்சியும் கூடவே வர வேண்டும். பருமன் அதிகமுள்ளவர்களுக்குச் செமாக்ளுடைட் ஊசி எடையோடு முழங்கால் வலியையும் குறைத்தது என்று 2024-ல் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே யோசிக்க வேண்டிய வழி அது.

தூக்கம் கெட்டால் அதே வலி அதிகமாகத் தெரியும், மனம் சோர்ந்தாலும் அப்படித்தான். கற்பனை வலி என்று இதற்குப் பொருளில்லை. வலியின் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மூளையின் வேலை. விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம், வீக்கத்துக்கு ஐஸ் ஒத்தடம். அடிப்பாகம் மெத்தென்ற, குதிகால் உயராத செருப்பு போதும்.

மருந்துக் கடைப் பக்கம்

முழங்காலுக்கும் விரல்களுக்கும் முதலில் முயல வேண்டியது டைக்ளோஃபெனாக் போன்ற வலிநீக்கி ஜெல். தோல் வழியாக அந்த இடத்தில் வேலை செய்யும். ரத்தத்தில் கலப்பது சொற்பம் என்பதால் பக்கவிளைவும் குறைவு. ஆனால் வலித்தபோது ஒருமுறை தேய்த்துவிட்டு "கேட்கவில்லை" என்று சொல்லக் கூடாது. உறையில் எழுதியிருக்கும் அளவில், தினம் மூன்று நான்கு முறை, ஓரிரு வாரம் போட்டுப் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டு வெகு ஆழத்தில் இருப்பதால் அங்கே ஜெல் எட்டாது.

பாராசிட்டமால் பாதுகாப்பானது என்ற பெயர் வாங்கியது. இந்த நோயில் அதன் பலன் சின்னதுதான். அளவு மீறினால் கல்லீரலுக்குக் கேடு. ஐபுபுரூஃபன், நேப்ராக்சன் வகை மாத்திரைகள் வலியை நன்றாகவே குறைக்கும். விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டும்: வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம், மாரடைப்பு ஆபத்து. சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது என்பது பாதி உண்மைகூட இல்லை. மருந்து ரத்தத்தில் கலந்த பிறகுதான் வயிற்றின் பாதுகாப்புப் படலத்தைப் பலவீனப்படுத்துகிறது, எனவே வயிறு நிறைந்திருந்தாலும் அது தப்பாது. வயதானவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் குறைந்த அளவில், குறைந்த நாள்களுக்கு. வெவ்வேறு பெயரில் விற்கும் இரண்டு அட்டைகளிலும் ஒரே மருந்து இருப்பது சாதாரணம். உள்ளே என்ன என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் மாத்திரைகளை மாதக்கணக்கில் வாங்குபவர்கள் ஏராளம். 2006-ல் வந்த பெரிய ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் அவை வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. தேய்ந்த குருத்தெலும்பை வளர்த்துத் தரும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரையோ எண்ணெயோ இன்றுவரை இல்லை. அப்படி விளம்பரம் செய்பவர்களைக் கண்டால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, வலி மிகுந்து நிற்கவே முடியாத கட்டத்தில் சில வாரங்களுக்கு நிம்மதி தரும். அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கிவிட்டால் ஊசிக்கு அர்த்தம் உண்டு. திரும்பத் திரும்பப் போடுவது நல்லதல்ல. மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு ஆண்டு போட்டுப் பார்த்து 2017-ல் வெளியான ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலியில் முன்னேற்றம் இல்லை, குருத்தெலும்போ கூடுதலாகக் குறைந்திருந்தது.

கத்தி

சின்னத் துளை போட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவை ஒரு காலத்தில் வெகுவாக நடந்தது. 2002-ல் அமெரிக்காவில் 180 பேரை வைத்து ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். சிலருக்கு உண்மையான சிகிச்சை, சிலருக்குத் தோலில் கீறல் மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு ஆண்டு கழித்தும் இரு தரப்பிலும் வலி ஒரே மாதிரிதான் இருந்தது. தேய்மானத்துக்கு அந்த அறுவையை இப்போது வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை.

மூட்டு மாற்று அறுவை வேறு ரகம். பயிற்சி, எடை, மருந்து எல்லாவற்றையும் நேர்மையாக முயன்றும் தூக்கமும் நடமாட்டமும் போய்விட்டது என்றால் அது நல்ல சிகிச்சை. எக்ஸ்ரேயில் நான்கு என்று இருப்பது மட்டும் அதற்குக் காரணமாகாது. வாழ்க்கை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. மாற்றிய முழங்கால்களில் பத்தில் எட்டு 25 ஆண்டு தாண்டியும் தாங்குவதாக 2019-ல் தொகுத்த தரவுகள் சொல்கின்றன. அறுவை செய்தவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு முழுத் திருப்தி கிடைப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நிற்கச் சொல்வார்கள். பிசியோதெரபிஸ்ட் வந்து கற்றுத்தரும் முதல் பயிற்சிகளில் ஒன்று, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துத் தொடையை இறுக்குவது. ஐந்து எண்ணும் வரை.